மகிழுந்தின் மென்பொருளை மாற்றலாமா?

கதவைப் பூட்டியதும் மகிழுந்தின் பக்கக் கண்ணாடிகள் தாமாகவே மடங்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறார். முன்பு அதற்குப் புதிய கருவி ஒன்றை வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. இன்று பல மகிழுந்துகளில் கண்ணாடியை மடக்கும் மோட்டார் ஏற்கெனவே உள்ளது. மென்பொருளில் ஓர் அமைப்பை மாற்றினாலே போதும். வாகன ஆர்வலர்கள் இதனைக் ‘கோடிங்’ என்று அழைக்கின்றனர்.

இன்றைய மகிழுந்தில் விளக்கு, கதவு, பிரேக், இயந்திரம் ஆகியவற்றை இயக்கத் தனித்தனிச் சிறு கணினிகள் உள்ளன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ‘கேன்’ போன்ற தொடர்பு முறைகளின்வழி அவை ஒன்றோடொன்று தகவல் பரிமாறிக்கொள்கின்றன. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், பெரும்பாலும் சுக்கானுக்குக் கீழே, 16 முனைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். பழுதைக் கண்டறிவதற்காக அமைக்கப்பட்ட அந்த இணைப்பின்வழியே இன்று பலர் தங்கள் மகிழுந்தின் அமைப்புகளை மாற்றுகின்றனர்.

பணம் கொடுத்து வாங்கிய பொருளைத் தம் வசதிக்கேற்ப மாற்றிக்கொள்ள உரிமையாளருக்கு உரிமை உண்டு என்பது ஒரு சாராரின் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ நிறுவனம் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதக் கட்டணம் கேட்டது. சூடாக்கும் கருவி மகிழுந்திலேயே இருந்தது. மென்பொருள்தான் அதைப் பூட்டி வைத்திருந்தது. வாங்கிய பொருளுக்கு வாடகையா என்று மக்கள் கொதித்தனர். மறு ஆண்டே நிறுவனம் அத்திட்டத்தைக் கைவிட்டது.

ஆயினும், எல்லா மாற்றங்களும் ஒரே தன்மையுடையவை அல்ல. இருக்கைப்பட்டை அணியாதபோது ஒலிக்கும் எச்சரிக்கையைத் தொல்லை என்று சிலர் நிறுத்திவிடுகின்றனர். வேறு சிலர் எல்இடி விளக்குகளைப் பொருத்தியபின், விளக்கு பழுதானால் தெரிவிக்கும் கண்காணிப்பையே முடக்குகின்றனர். பின்னர் பிரேக் விளக்கு எரியாமல் போனாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. அதன் விலையைக் கொடுப்பவர் மழை இரவில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியாக இருக்கலாம். அந்த மகிழுந்து கைமாறினால், புதிய உரிமையாளரும் எதையும் அறியாமலேயே அதை ஓட்டுவார்.

நிறுவனங்கள் மென்பொருளைப் பூட்டுவதற்கும் காரணம் உண்டு. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் வாகனத்தைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டினர். அதனால் ஏறத்தாழ 1.4 மில்லியன் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

எனவே, எல்லாவற்றையும் பூட்டுவதும் தீர்வன்று. எல்லாவற்றையும் திறந்துவிடுவதும் தீர்வன்று. கண்ணாடி, உள்விளக்கு போன்ற வசதிகளை உரிமையாளரே மாற்றிக்கொள்ள நிறுவனங்கள் வழிவிட வேண்டும். பிரேக், காற்றுப்பை, எச்சரிக்கை ஒலி போன்றவற்றில் எவரும் விருப்பம்போல் கை வைக்கக்கூடாது. செய்த மாற்றங்களைக் குறித்து வைத்து, மகிழுந்தை விற்கும்போது வாங்குபவரிடம் தெரிவிப்பது உரிமையாளரின் கடமை. மகிழுந்து ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அது ஓடும் சாலையோ அனைவருக்கும் பொதுவானது.