ஒட்டத் தக்கவையும் ஒட்டத் தகாதவையும்

மின்கருவியொன்று கீழே விழுந்து அதன் பிளாஸ்டிக் உறை விண்டுபோனால், அதனை எறிந்துவிடாமல் ஒட்டிப் பயன்படுத்துவது நம் மக்களின் நெடுநாளைய வழக்கம். சிக்கனம் கருதியும், குப்பை பெருகாமை கருதியும் இவ்வழக்கம் போற்றத்தக்கதே. சித்தூர், திருப்பதி கடைவீதிகளில் இத்தொழிலை நடத்துவோரின் கைத்திறனும் பாராட்டுக்குரியது. ஆயினும், எதனை ஒட்டலாம், எதனை ஒட்டலாகாது என்னும் பாகுபாடு நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. அதனைப் பரப்புவது ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உரிய பணியாகும்.

1907-ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் என்னும் வேதியியலறிஞர் பேக்லைட்டை உருவாக்கிய பின்னர், பீங்கானும் மரமும் செய்துவந்த காப்புப் பணியைப் பிளாஸ்டிக் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. இன்று ஒரு கருவியின் பிளாஸ்டிக் உறுப்புகள் இருவகைப் பணிகளைச் செய்கின்றன. சில, தோற்றத்திற்கும் வசதிக்கும் உரியவை. ரிமோட்டின் மூடியும் வானொலிப் பெட்டியின் கைப்பிடியும் இத்தகையன. வேறு சில, 230 வோல்ட் மின்சாரத்திற்கும் மனிதனின் கைக்கும் இடையே மதிலாக நிற்பவை. பிளக், சுவிட்சு, சார்ஜரின் கூடு, மின்கம்பி நுழையும் கழுத்து ஆகியன இத்தகையன. முதல் வகை உடைந்தால் ஒட்டலாம். இரண்டாம் வகை உடைந்தால் புதிதாக மாற்றவேண்டும். மாற்ற இயலாவிடில் கருவியைப் பயன்படுத்தாது விடவேண்டும்.

சார்ஜர் போன்ற பல கருவிகளில், ஒரு சதுரத்தினுள் மற்றொரு சதுரம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அக்கருவி எர்த் இணைப்பை நம்பாமல், இரட்டைக் காப்பையோ வலுவூட்டிய காப்பையோ நம்பியே அமைக்கப்பட்டது என்பது அதன் பொருள். அங்கு உறையே பெரும்பாலும் காப்பின் ஒரு பகுதியாகும். உறையில் விரிசல் கண்டால் காப்பிலேயே விரிசல் கண்டது எனக் கொள்க. தமிழும் தெலுங்கும் வழங்கும் இவ்வட்டாரத்தில், மொழி வேண்டாத இக்குறி ஆசிரியருக்கு நல்ல துணை. மின்தொடர்பு நீக்கிய சார்ஜரொன்றை மாணவர் கையில் கொடுத்து இக்குறியைத் தேடச் செய்யலாம்.

'நன்றாக ஒட்டிவிட்டதே, இனி என்ன அச்சம்?' என்று வினவுவோர் உண்டு. உடனே ஒட்டும் பசையான சயனோஅக்ரிலேட் 1942-இல் கண்டறியப்பட்டு, 1958-இல் விற்பனைக்கு வந்தது. அதன் ஒட்டு எளிதில் முறியும். வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் தளரும். பாலிபுரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகளில் அது சரிவரப் பற்றுவதேயில்லை. சுவிட்சினுள் கசிந்தால் தொடுமுனைகளையும் கெடுத்துவிடும். பல கருவிகளின் உறையில் தீப்பற்றுதலைத் தடுக்கும் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும். சாதாரணப் பசையில் அது இல்லை. இவற்றினும் கொடியது, விரிசலின் குறுக்கே உலோகக் கம்பித் துண்டுகளைச் சூடாக்கிப் பதிக்கும் முறை. மின்சாரத்தைத் தடுக்கவேண்டிய சுவரில் மின்கடத்தியை நாமே நட்டுவைப்பது அறிவுடைமையாகாது.

ஒட்டத் தக்கவற்றை ஒட்டும்போதும் எச்சரிக்கை வேண்டும். சுவிட்சை அணைத்தல் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிடவேண்டும். பிடுங்கிய பின்னரும் தொலைக்காட்சி முதலியவற்றின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சியிருக்கக்கூடும். மைக்ரோவேவ் அடுப்பில் அது 2,000 வோல்ட் அளவிலும் இருக்குமாதலால், பயிற்சியற்றோர் அதனைத் திறக்கவே கூடாது. சாலிடர் இரும்பால் பிளாஸ்டிக்கை உருக்கும்போது எழும் புகை நச்சுத்தன்மை வாய்ந்தது. காற்றோட்டமான இடம் இன்றியமையாதது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். உடனொட்டும் பசை பருத்தித் துணியில் பட்டால் தோலைச் சுடுமளவு வெப்பம் எழக்கூடும். சமையல் சோடாவுடன் கலப்பினும் சூடும் ஆவியும் கிளம்பும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைக்கவேண்டும். கண்ணில் பட்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும்.

இவ்வளவும் கூறிவிட்டுக் குற்றத்தைக் குடும்பத்தலைவியின் மீதோ கடைக்காரரின் மீதோ சுமத்துவது நீதியன்று. புதிய உறை தனியே கிடைக்காதபோது, முழுக் கருவியையும் மீண்டும் வாங்க இயலாதவர் பசையையன்றி வேறு எதனை நாடுவார்? 2022 ஏப்ரல் 4-இல் உருவான திருப்பதி மாவட்டத்தில்தான் ஸ்ரீசிட்டியும், ரேணிகுண்டாவின் மின்னணுத் தொழில் வளாகங்களும் அமைந்துள்ளன. கருவிகளைச் செய்யும் தொழிற்சாலைகள் அருகிலிருந்தும், உடைந்த ஓர் உறைக்கு மாற்று அருகிலுள்ள கடையில் கிடைக்காத நிலை நீடித்தலாகாது. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையத்தளம் ஒன்றைத் தொடங்கியது. அந்நோக்கம் நிறைவேற வேண்டுமாயின், காப்பு உறுப்புகளையேனும் தயாரிப்பாளர்கள் நியாயமான விலையில் தனியே விற்றல் வேண்டும் என்பது எமது கருத்து.

அதுவரை, களப்பணியாளர்கள் தாம் செல்லும் இல்லங்களில் விரிசலுற்ற பிளக்கையோ சார்ஜரையோ கண்டால், அதனைச் சுட்டிக்காட்டாமல் திரும்புதலாகாது. கழித்த பிளாஸ்டிக்கை எரிக்காமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்கவும் சொல்லவேண்டும். ஒரு பிளக்கின் விலை சிறிது. அது காக்கும் உயிரோ விலைமதிப்பற்றது.