மலையிலும் கம்பியிலும் எதிரொலி

நமுனுகுலை மலையை நோக்கிக் கூவினால் நம் குரல் நமக்கே திரும்பி வருகின்றது. வானொலி அலையும் இவ்வாறு திரும்புமோ என்று, தோட்டத்திலிருந்து பதுளைக்குப் படிக்க வரும் மாணாக்கன் ஒருவன் சென்ற வாரம் வினவினான். திரும்பும்; கம்பிக்குள்ளேயே திரும்பும் என்பதுதான் விடை.

கைத்தொலைபேசிக் கோபுரத்தின் கேபிளும் அன்ரனாவும் 50 ஓம் என்னும் ஒரே மின்தடங்கலுக்கு இசையச் செய்யப்படுகின்றன. அவ்விசைவு குலைந்த இடத்தில், சென்ற சக்தியின் ஒரு பகுதி வந்த வழியே தெறித்து மீளும். மீண்டது எவ்வளவு, கடந்தது எவ்வளவு என்பதை மீடிறன்தோறும் அளந்து காட்டும் கருவிக்கு நெட்வேர்க் அனலைசர் என்று பெயர். ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் 1967 இல் வெளியிட்ட 8410 அதன் முன்னோடிகளுள் ஒன்று.

ஆனால் இக்காலத்து அன்ரனாவுக்கு வாயில்கள் பல. ஒரு வாயிலில் செலுத்தியது மற்றொன்றிலே கசியவும் கூடும். ஆகவே அளக்கவேண்டியவற்றின் தொகை வாயில்களின் வர்க்கமாகப் பெருகுகின்றது: இரண்டுக்கு 4, நான்குக்கு 16, எட்டுக்கு 64. இருவாயில் அனலைசரால் எட்டு வாயில்களைச் சோடி சோடியாக அளப்பதாயின் 28 முறை கழற்றிப் பூட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சிய ஆறு வாயில்களையும் 50 ஓம் தடையால் மூடவும் வேண்டும். மூடாது விட்டால் அங்கிருந்து தெறிக்கும் அலை கணக்கைக் கெடுத்துவிடும். பல்வாயில் அனலைசரிலோ எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டினால் போதும். அது வாயிலுக்கு வாயில் அலையைச் செலுத்தி, ஏனைய யாவற்றிலும் செவிசாய்க்கும்.

அளக்குமுன் அக்கருவியையே சோதிப்பது முறை. திறந்த முனை, குறுக்கிட்ட முனை, 50 ஓம் முனை என, இயல்பு அறிந்த பொருள்களை முதலில் பூட்டி, கருவியின் சொந்தப் பிழையைக் கணித்துக் கழிப்பர். கொழுந்து மடுவத்தில் தராசின் முள் சுழியத்தில் நிற்கின்றதா என்று பார்த்தபின் கூடையை ஏற்றுவதன் நியாயத்தை எம் தாய்மாருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை!

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்போரும் உளர். 2021 இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது, நம் ஊவாவின் லுணுகலைப் பக்கத்துச் சிறுவர் இணையப் பாடம் பெறுவதற்கு மலையுச்சிக்கு ஏறி, மரத்தின் மேல் அமைத்த குடிலில் அமர்ந்தனர். மலையின் மறைப்பை எந்த அனலைசரும் நீக்காது. அதற்குக் கோபுரங்கள் வேண்டும். ஆயினும் எழும் கோபுரம், தனக்கு ஊட்டிய சக்தியை வீணாக்காது நம் பள்ளத்தாக்குக்கு அனுப்புகின்றதா என்பதைச் சொல்ல வல்லது அக்கருவியே.

மாணாக்கரே, நீங்கள் கற்கும் வர்க்கமும் சேர்மானமும் இவ்வளவு தூரம் வருகின்றன. அன்று மரமேறிப் படித்த பிள்ளைகளுள் ஒருவர் நாளை அக்கோபுரத்தைச் சோதிக்கும் பொறியியலாளராய் வருவாராயின், அதுவே அவ்வினாவுக்கு உரிய நிறைவான விடையாகும்.