ஏரியில் யாருக்கு முறை?

பழவேற்காட்டின் பன்மையைக் கொண்டாடக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. போர்த்துக்கீசியர் காலத்து வேர் கொண்ட மகிமை மாதா கோயில், ராமாயணக் காட்சிகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகத் தாங்கி நிற்கும் ஆதிநாராயணப் பெருமாள் கோயில், அரபு வணிகர்களின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்கள், டச்சுக்காரர்களின் கல்லறைகள் எல்லாமே நடந்து பார்த்துவிடும் தொலைவில் இருக்கின்றன. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கத்தில், சூளூர்ப்பேட்டையில் அரசே பூநாரைத் திருவிழா நடத்துகிறது. 2025 ஜனவரியில் அது மூன்று நாள் நடந்தது. இப்படிப்பட்ட விழாக்கள் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால், ஓர் ஊர் எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறதா என்பதை மேடையில் யார் ஆடினார்கள் என்பதை வைத்து அளக்க முடியாது. பழவேற்காட்டில் அதற்கான அளவுகோல் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் பாடு.

இறால் நன்றாகப் படும் இடங்கள் ஏரியில் குறைவு. அவற்றில் பல முகத்துவாரத்தை ஒட்டியவை. எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் சண்டையும் வரும், இறாலும் அற்றுப்போகும். அதனால் இன்னார்க்கு இன்ன நாள், இன்ன இடம் என்று முறை வைத்துக்கொண்டார்கள்; அதுதான் பாடு. அதிகாரி யாரும் வகுத்துக் கொடுக்காமல் மீனவர்களே தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் ஏற்பாடு இது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, இன்று கிடைக்காதவருக்கு நாளை கிடைக்கும். இதன் நியாய உணர்வு என்னை வியக்க வைக்கிறது. ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு வேலி உண்டு. பாடு உரிமை வழிவழியாகச் சில குப்பங்களில் வாழும், பட்டினவர் என்ற மீனவச் சாதிக் குடும்பங்களுக்கு உரியது. அங்கும் ஆண்கள் பெயரில்தான் ஓடுகிறது. மீனைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று வீட்டைக் காப்பாற்றும் பெண்ணுக்கு அதில் தனிப் பெயர் இல்லை. பழங்குடியினரான இருளர்களோ வலையே இல்லாமல், ஆழமற்ற சேற்றில் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடுகிறார்கள். இந்த நீரை அவர்கள் அளவுக்கு விரல் நுனியில் அறிந்தவர்கள் குறைவு. நல்ல இடங்களின் முறைக்கணக்கில் அவர்களுக்கு வரிசை இல்லை. பாடு முறைக்கு உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் இடையே பலமுறை மோதல் வந்திருக்கிறது.

வேலியைத் திறந்தால் ஏரி தாங்காது என்பார்கள். இது வலுவான மறுப்பு, ஒதுக்கிவிட முடியாது. ஆட்கள் கூடினால் ஒவ்வொருவருக்கும் முறை தள்ளிப்போகும், வருமானம் குறையும். பாடு உள்ள குடும்பங்களும் வசதியானவை அல்ல. முகத்துவாரத்தை மணல் மூடுகிறது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இந்த மீனவர்களே போராடியிருக்கிறார்கள். ஆனாலும் ஏரியைக் காப்பாற்றுவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை வலை இறங்கலாம் என்ற வரம்புதான் இறாலைக் காக்கிறது. வலையை இறக்குகிறவர் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதில் இறாலுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு வரிசையை மட்டும் நீட்ட முடியும். அதனால் வரும் இழப்பை ஏழை மீனவர் தலையிலேயே கட்டாமல் அரசு ஏற்க வேண்டும். முகத்துவாரத்தைத் திறந்து வைப்பதும், முறை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை தருவதும் அதன் கடமை.

விழா மனதைத் திறக்கும், மற்றவை பிறகு தானே வரும் என்று இன்னொரு வாதம். சென்னையில் 2015-ல் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா இதற்கு நல்ல சான்று. சபாக்களில் மட்டும் கேட்ட கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மீனவக் குப்பத்து மணலில் ஒலித்தன. நகரவாசிகள் பலர் அந்தக் குப்பத்துக்குள் முதன்முறையாகக் காலெடுத்து வைத்தார்கள். அதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் அங்கே திறந்தது வெளியார் மனம். பழவேற்காட்டில் திறக்க வேண்டியது உள்ளூரின் வரிசை; அது பாட்டு கேட்டுத் திறக்காது, பேச்சுவார்த்தையில்தான் திறக்கும். தவிர, கொண்டாட்டம் சிலவற்றை மறக்கவும் வைக்கும். 1613-ல் எழுந்த டச்சுக் கெல்ட்ரியா கோட்டையை நம் பன்னாட்டுப் பெருமையாகச் சொல்கிறோம். அதே துறையிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். பல நாட்டார் வந்து போன ஊர் என்பதாலேயே அங்கே எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று ஆகிவிடாது.

ஆகவே திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் மீன்வளத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். பழவேற்காட்டில் அடுத்த விழாவுக்குப் பந்தல் போடும் முன், பாடு உள்ள குப்பங்களின் பஞ்சாயத்தார், பாடு இல்லாத குப்பத்தார், இருளர்கள், மீன் விற்கும் பெண்கள் ஆகிய நான்கு தரப்பையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். ஏரியில் தொழில் செய்யும் ஒவ்வொரு இருளர் குடும்பத்தையும் மீனவராகப் பதிவு செய்யுங்கள். விழாவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.