விடை தெரியாத கேள்வியும் வகுப்பறைக்கு வரட்டும்

கல்லூரி ஆய்வகத்தில் கூட்டு ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடும் மாணவருக்கு விடை 9.8 என்பது முன்பே தெரியும். கணக்கில் 9.4 வந்துவிட்டால், அது ஏன் வந்தது என்று தேடுவதைவிட, ரெக்கார்டு நோட்டில் அளவீடுகளைச் சற்றே திருத்தி 9.8-க்குக் கொண்டுவருவதுதான் எளிது. மதிப்பெண்ணும் அதற்குத்தான். மூன்றாண்டு இயற்பியல் படிப்பு முழுவதும் இப்படியே நடந்தால், அளவீடு விடைக்குப் பணிய வேண்டும் என்ற தலைகீழ்ப் பாடமே மனதில் தங்கும். இதற்கு மாணவரையோ ஆசிரியரையோ குறைசொல்லிப் பயனில்லை. விடை தெரியாத ஒரு கேள்வியோடு யாராவது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் துறையில்தான் இயற்பியலையும் வானியலையும் படிக்க வேண்டும். இளநிலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு நாம் அந்த வாய்ப்பைத் தரவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் மாணவப் பருவமே அந்த வாய்ப்பு என்ன செய்யும் என்பதற்குச் சான்று. ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு பற்றிய நூலை அவர் தாமாகவே படித்துத் தேர்ந்திருந்தார். 1928-இல் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது நேரில் போய்ப் பார்த்தார். அந்த நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்றார் சோமர்ஃபெல்ட். உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி, அப்போது அச்சிலிருந்த கட்டுரையின் பிழைதிருத்தப் படியையும் கொடுத்தார். அதைக் கற்று சந்திரசேகர் எழுதிய கட்டுரை, அவர் பட்டம் பெறும் முன்பே, 1929-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது வெண்குறு விண்மீன்களுக்கு நிறை வரம்பு உண்டு என்ற கணக்கை அவர் தொடங்கியதும் அந்தப் பிழைதிருத்தப் படியில் கற்ற புதிய குவாண்டம் புள்ளியியலைக் கொண்டுதான்.

அவர் மேதை, எல்லாருக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். மேதை மட்டுமல்ல, அவருடைய சித்தப்பா சி.வி. ராமன். ஆய்வு என்றால் என்ன என்பதை வீட்டிலேயே அறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிப் படி ஏறும் மாணவிக்கு அப்படியொரு சித்தப்பா இல்லை. ஆகவே அந்த வேலையை அவள் படிக்கும் துறைதான் செய்தாக வேண்டும். சந்திரசேகரை விதிவிலக்கு என்று ஒதுக்குகிற வாதம், உண்மையில் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

ஒரு காலத்தில் நம் பல்கலைக்கழகங்கள் இதைச் செய்தன. 1924-இல் சத்யேந்திரநாத் போஸ், பிளாங்க் விதிக்கு அன்றிருந்த நிரூபணங்களில் நிறைவடையாமல் புதியதொன்றைக் கண்டபோது, டாக்கா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ராமன் தம் விளைவைக் கண்டறிந்த 1928-இல் கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர். விடுதலைக்குப் பிறகு சிறந்த ஆய்வுகள் பெரும்பாலும் தனி நிறுவனங்களுக்குப் போயின, இளநிலைப் பாடம் இணைப்புக் கல்லூரிகளில் நின்றுவிட்டது. அந்த நிறுவனங்கள் சாதித்தவை பெரியவை, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விலை கொடுத்தவர்கள் மாணவர்கள். இந்தப் பிளவு தமிழ்நாட்டில் கண்கூடு. 1899 முதல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம், ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம், 1970 முதல் ஊட்டியில் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கி. ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான சாய்வுள்ள மலைச்சரிவைத் தேர்ந்ததால், அந்தக் கருவியின் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக நிற்கிறது. வானியல் ஆயத்தொலைவுகளை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடநூல் எதுவும் இல்லை. இருந்தும் நம் இயற்பியல் மாணவர்களில் பலருக்கு இவை ஒருநாள் சுற்றுலா இடங்கள் மட்டுமே. கோடைக்காலப் பயிற்சிகள் உண்டு, ஆனால் அவற்றில் இடம் கிடைப்பவர்கள் சிலரே.

ஆய்வாளர்கள் நன்றாகப் பாடம் நடத்துவதில்லை என்பது பலரும் சொல்லும் குறை. சிலருக்கு அது பொருந்தும். ஆனால் ஒவ்வோர் ஆசிரியரும் ஆய்வாளராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. துறையில் ஆய்வு நடக்க வேண்டும், அது இளநிலை மாணவரின் கண்ணில் பட வேண்டும் என்கிறேன். இதற்கெல்லாம் பணம் எங்கே என்பது அதைவிடக் கனமான கேள்வி. வானியலில் அதற்குப் பதில் இருக்கிறது. ஐரோப்பாவின் கையா விண்கலம் சுமார் 180 கோடி விண்மீன்களைப் பற்றித் திரட்டிய தரவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பெறலாம். நம் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் தரவுகளும் பொதுவில் கிடைக்கின்றன. கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1990-களில் ஹிப்பார்கோஸ் விண்கலம் அதன் தொலைவைச் சுமார் 390 ஒளியாண்டு என்றது. பிற முறைகள் 430-க்கும் மேல் என்றன. கையா அளந்த பிறகுதான், ஏறக்குறைய 440 என்று அந்த நீண்ட சர்ச்சை அடங்கியது. ஒரு சாதாரணக் கணினியை வைத்துக்கொண்டு இரண்டாமாண்டு மாணவி இந்தத் தொலைவைத் தானே கணக்கிடலாம். தேர்ந்த வானியலாளர்களின் அளவீடுகளே ஏன் முரண்பட்டன, பிழை எங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்று அவள் கேட்கத் தொடங்குவாள். ஊசல் சோதனையில் எழுந்திருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

பெரும்பாலோர் ஆய்வுக்குப் போவதில்லை, வேலைக்குத்தானே போகிறார்கள் என்றால், ஆம். அவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்களாவார்கள். ஓர் அளவீட்டை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர் ஒரு பள்ளிக்கு எவ்வளவு தேவை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

உடனே செய்யக்கூடியது இது: இறுதியாண்டுச் செய்முறைத் தாள்களில் ஒன்றை, பொதுத் தரவுகளைக் கொண்டு செய்யும் சிறு ஆய்வாகப் பல்கலைக்கழகங்கள் மாற்றலாம். விடை எண்ணுக்கு மதிப்பெண் வேண்டாம். பிழையை மாணவர் எப்படி மதிப்பிட்டார், அந்த மதிப்பீட்டை எப்படி நியாயப்படுத்தினார் என்பதற்குக் கொடுக்கலாம். வழிகாட்டும் ஆசிரியரின் வாரப் பாடவேளையை அதற்கேற்பக் குறைத்தாக வேண்டும், காலிப் பணியிடங்களை நிரப்பாமல் அது நடக்காது. அந்தச் செலவை ஏற்க வேண்டியது அரசு.