ஆண் மகவுக்கு இடும் ஆங்கிலப் பெயர்

பெயர்ச் சொற்களை இடுகுறிப் பெயரென்றும் காரணப் பெயரென்றும் இருவகைப்படுத்தினார் நன்னூலாசிரியர். காரணம் புலப்படாது வழங்குவது இடுகுறி. காரணம் புலப்பட நிற்பது காரணப் பெயர். இந்நாளில் கிறிஸ்தவ இல்லங்களிற் பிறக்கும் ஆண் மக்கட்கு இடப்பெறும் ஆங்கிலப் பெயர்களை இவ்விரண்டனுள் எதன்பாற் படுத்துவது? எம் தா.பழூர்ப் பக்கத்தில் வில்லியம், ராபர்ட், ஜார்ஜ் என்னும் பெயர்களைச் சூட்டிய பெற்றோரை நோக்கி, "இதற்குப் பொருள் யாது?" என வினவின், "கேட்பதற்கு இனிதாயிருக்கிறது" என்பதே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். ஆதலின் அவை நம்மிடை இடுகுறியாகவே நிற்கின்றன. ஆங்கிலப் பெயரிடுதல் குற்றமன்று. பொருளறியாது இடுதலே குறை என்பது எமது கருத்து.

அப்பெயர்கள் தம்மளவில் பொருளற்றன அல்ல. வில்லியம் என்பது மனவுறுதியையும் தலைச்சீராவையும் குறிக்கும் இரு பழைய ஜெர்மானியச் சொற்களின் புணர்ப்பு. எட்வர்ட் செல்வங் காப்போன். ராபர்ட் புகழால் ஒளிர்வோன். ரிச்சர்ட் வலிய ஆட்சியாளன். இவற்றுள்ளும் ஆங்கிலேயர்க்குரிய பழம்பெயர் எட்வர்ட் ஒன்றே. 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே ஏனைய மூன்றும் அந்நாட்டிற் பெருகின. எதெல்ரெட் போன்ற பழைய பெயர்கள் அருகி மறைந்தன. வென்றோர் பெயரைத் தம் மக்கட்குச் சூட்டும் வழக்கம் ஆங்கிலேயரிடத்தும் இருந்ததென இதனால் அறிகின்றோம்.

ஜார்ஜ் என்னும் பெயரோ கிரேக்க மொழியினின்று வந்தது. நிலத்தை உழுவோன் என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் அரசர் அறுவர் அதனைத் தாங்கியமையால் நாம் அதனை அரண்மனைக்குரிய பெயரென எண்ணி மயங்குகின்றோம். கொள்ளிடத்தின் வடபால் நெல் விளைக்கும் உழவன் ஒருவன் தன் மகனுக்கு இடுதற்கு அதனினும் பொருத்தமான பெயர் உண்டோ? ஆயினும் தன் தந்தையின் தொழிலே தன் பெயராய் அமைந்திருத்தலை அச்சிறுவன் அறியான். அவனுக்கு அதனைச் சொல்வாரும் இலர்.

முன்னிருந்தோர் இங்ஙனம் இருந்திலர். நம் அரியலூர்ச் சீமையின் ஏலாக்குறிச்சியில் திருப்பணி புரிந்த வீரமாமுனிவர் 1680-இல் இத்தாலியிற் பிறந்தவர். கான்ஸ்டன்டைன் என்னும் அவர் பெயர் உறுதியுடைமையைக் குறித்தலின், தமிழில் தைரியநாதர் என்றாயிற்று. 1726-இல் முடிவுற்ற தம் தேம்பாவணியில் அவர் சூசையப்பரை வளன் என்றும், அருளைக் குறிக்கும் பெயருடைய யோவானைக் கருணையன் என்றும் வழங்கினார். புலவரேயன்றிப் பொதுமக்களும் இந்நெறியைக் கைக்கொண்டனர். சிறியவன் எனப் பொருள்படும் பவுல், சின்னப்பன் ஆனார். முடி எனப் பொருள்படும் ஸ்தேவான், முடியப்பன் ஆனார். யோவான், அருளப்பன் ஆனார். இன்று பாட்டன் முடியப்பனாகவும் பேரன் ஸ்டீபனாகவும் ஒரே வீட்டில் வாழக்கூடும். இருவர் பெயரும் ஒன்றே என்பதை இருவருமே அறியாதிருத்தல் எத்துணை இரங்கத்தக்கது!

"அங்ஙனமாயின் தமிழ்ப் பெயரே இடுக, பிற யாவும் ஒழிக" என்பார் உளர். அவரோடு யாம் முற்றும் உடன்படுகின்றிலம். பிறர் இழிவுபட இட்டழைத்த பெயர்களைக் களைந்து, சாதி புலப்படாத சாமுவேல், டேவிட் முதலிய பெயர்களை ஏற்ற எளிய மக்கள் பலர் நம் சபைகளில் உளர். அவர்க்கு அப்பெயர் மானங் காத்த ஆடையாகும். அதனைப் பிறமொழிப் பெயரென இகழ்தல் அறமன்று. ஆயினும் தாமே விரும்பி ஏற்ற பெயர்க்கும் பிறர் ஏற்றிவைத்த பெயர்க்கும் வேற்றுமை உண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் நிறுவிய செமினரியிற் பயின்ற மாணவர் சிலர், தம் கல்விச் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயர்களையே தாங்க நேர்ந்தது. பொருள் நோக்காது ஒலி நோக்கி நாமே நம் மக்கட்குப் பெயரிடுவோமாயின், எவரும் வற்புறுத்தாதிருக்கவும் அந்நிலையை நாமே வரவழைத்துக்கொள்பவராவோம்.

ஆதலின் பெற்றோர்க்கும், நாளை பெற்றோராகவிருக்கும் நம் கல்லூரித் தோழர்க்கும் ஒரு விண்ணப்பம். எம்மொழிப் பெயரேனும் இடுக. இடுமுன் அது எம்மொழியினது, யாது பொருளது என ஆராய்க. ஞானஸ்நான நாளில் குடும்ப வேதாகமத்தின் முதலேட்டில் மகவின் பெயரோடு அதன் பொருளையும் தமிழில் எழுதி வைக்க. பிள்ளை எழுத்தறியும் பருவத்தில் அவ்வேட்டை அவனே படிக்கச் செய்க. அதற்கு வேண்டுவது ஒரு வரி மையே. அவ்வளவு செய்யின், இடுகுறியாய் வந்த ஆங்கிலப் பெயரும் நம் இல்லத்திற் காரணப் பெயராய் விடும்.