கைத்துப்பாக்கியும் சேகரிப்பாளரின் அளவுகோலும்

கைத்துப்பாக்கி சேகரிக்கும் ஆர்வமுடையவர்கள் நம் ஊர்களில் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களுடைய வாதத்துக்குச் செல்வாக்கு உண்டு. படித்தவர்களும் ரசனையுள்ளவர்களும் பழைய பொருளைத் துடைத்துப் பேணத் தெரிந்தவர்களும் அதை முன்வைப்பதால், கேட்பவர் எளிதில் இணங்கிவிடுகிறார். வாதம் இதுதான்: சட்டைப்பைக்கு அடங்கும் சிறியது ஒன்று, இடுப்பில் தொங்கும் நடுத்தர அளவில் ஒன்று, நீண்ட குழலுடைய பெரியது ஒன்று. இம்மூன்றும் இருந்தால்தான் கைத்துப்பாக்கி என்னும் கலைப்பொருளின் வளர்ச்சி முழுமையாகப் புலப்படும். அரசு இதைப் புரிந்துகொள்ளவில்லை. 1983 திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை 2019 டிசம்பரில் இரண்டாகக் குறைத்துவிட்டது. அஞ்சல்தலை சேகரிப்பவனிடம் இரண்டு தலைகளோடு நிறுத்திக்கொள் என்று சொல்வீர்களா?

வாதம் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அதில் மையமான ஒரு சொல் பொய்யாகப் பயன்படுத்தப்படுகிறது. ‘சேகரிப்பு’ என்பதே அந்தச் சொல். சுடும் நிலையில் உள்ள கைத்துப்பாக்கிகளை அளவு வாரியாகத் தேர்ந்து அடுக்குவது சேகரிப்பு ஆகாது. அது ஆயுதம் வைத்திருத்தல். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தவறினால் நாம் ரசனையின் பெயரால் வேறொன்றுக்கு ஒப்புதல் அளித்தவர்களாவோம் என்பது என் தரப்பு.

*

முதலில் அளவைப் பற்றியே பேசுவோம், ஏனெனில் அதுதான் அவர்களுடைய பெருமை.

செம்பு, குடம், அண்டா என்று பாத்திரங்கள் அளவால் வேறுபடுவது கொள்ளும் நீரால். உளிகள் வேறுபடுவது செதுக்க வேண்டிய மரத்தால். கைத்துப்பாக்கி எதனால் வேறுபடுகிறது? குழல் குறுகினால் தோட்டாவின் வேகம் குறைகிறது. குறிபார்க்கும் தொலைவும் குறுகுகிறது. எடை குறைந்தால் சுடும்போது கையில் ஏற்படும் உதைப்பு கூடுகிறது. கருவி என்ற முறையில் சிறியது பெரியதைவிட மோசமான கருவி. ஒரு தொழிலாளி தன் கருவியின் திறத்தைத் தானே கெடுத்துக்கொள்ள மாட்டான். துப்பாக்கி செய்பவன் மட்டும் ஏன் கெடுத்துக்கொள்கிறான்? அந்த இழப்புக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. அதன் பெயர் மறைவு. சிறியது சட்டைப்பைக்குள் மறையும். நடுத்தரமானது மேலாடையின் கீழ் மறையும். பெரியது மறைய மறுக்கும். கைத்துப்பாக்கியின் அளவுப் பட்டியல் என்பது மனித உடலில் ஆயுதத்தை ஒளிக்கக்கூடிய இடங்களின் பட்டியல்.

2014 ஜனவரியில் கான்பூரின் அரசுத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. .32 தோட்டா, டைட்டேனியம் கலவை, சுமார் அரைக் கிலோ எடை, விலை ஏறக்குறைய 1.22 இலட்சம் ரூபாய். 2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பிறகு, பெண்களின் கைப்பையில் வைத்துக்கொள்ளத்தக்கது என்று சொல்லி அது விற்பனைக்கு வந்தது. இரவு நேரத்தில் பேருந்துக்குக் காத்து நிற்கும் எந்தப் பெண்ணால் அந்த விலையைக் கொடுக்க முடியும் என்று அன்றே பலர் கேட்டார்கள். அதை வாங்கும் வசதி படைத்தவர் பெரும்பாலும் காரில் போகிறவர். பாதுகாப்பு என்ற சொல்லின் நிழலில் விற்கப்பட்டது கைப்பை அளவுக்குச் சுருக்கப்பட்ட ஆயுதம்தான்.

நம் மரபும் ஆயுதத்தைச் சிறிதாக்கியிருக்கிறது. சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில் ஆகிய திருமாலின் ஐந்து படைகளையும் விரல் நுனி அளவுக்குச் சுருக்கி, பொன்னில் செய்து, குழந்தையின் கழுத்தில் அணிவித்தார்கள். மணிமேகலை தொடங்கிப் பிள்ளைத்தமிழ் நூல்கள் வரை பேசப்படும் ஐம்படைத்தாலி அது. எங்கள் திருவெள்ளறைப் பெருமாளின் சங்கும் சக்கரமும் எல்லோரும் காணும்படி ஓங்கி நிற்பவை. அவையே சிறுத்துக் குழந்தையின் மார்பில் அசையும்போது கொல்லும் தன்மையை முற்றிலும் இழந்து காப்பு என்ற பொருளை மட்டும் ஏற்கின்றன. அங்கே ஆயுதம் சிறுத்தது ஆயுதத்தன்மை நீங்குவதற்காக. இங்கே சிறுக்கிறது, ஆயுதத்தன்மை வெளியே தெரியாதிருப்பதற்காக.

நீண்ட துப்பாக்கிக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. காட்டுப்பன்றியை விரட்டும் உழவனின் துப்பாக்கியைத் தெருவே பார்க்கும். குடகு நாட்டைப் பாருங்கள். கைல்போது நாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடும் சமூகம் அது. கொடவர்களுக்கு ஆயுதச் சட்டத்தின் உரிம விதியிலிருந்து விலக்கு உண்டு; அது 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆனால் விலக்கில் அடங்குபவை ஒரு ரைஃபிளும் ஒரு வேட்டைத் துப்பாக்கியும்தான். கைத்துப்பாக்கி அதில் இல்லை. துப்பாக்கியைத் தெய்வமாகக் கொண்டாடும் மக்களுக்குக்கூட அரசு கொடுக்க ஒப்பாத பொருளை, கண்ணாடி அலமாரிக்காரருக்கு மட்டும் கலைப்பொருள் என்று ஏன் கொடுக்க வேண்டும்?

*

மறைவு என்று நான் சொல்வது வெறும் தர்க்கம் என்றால், நம் வரலாற்றின் மூன்று நாள்களை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

1911 ஜூன் 17. மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் மனைவியோடு அமர்ந்திருந்தார். வாஞ்சிநாதனின் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி. தோளில் துப்பாக்கியோடு ஓர் இளைஞன் நடைமேடையில் நடந்து வந்திருந்தால் பெட்டியை நெருங்கியிருக்க முடியாது. ஆஷைச் சுட்ட அதே கைத்துப்பாக்கியால் வாஞ்சி தன்னையும் மாய்த்துக்கொண்டார். அவருக்குப் புதுச்சேரியில் சுடும் பயிற்சி அளித்தவராகச் சொல்லப்படுபவர் எங்கள் திருச்சி வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர்.

1948 ஜனவரி 30. தில்லி பிர்லா மாளிகையின் பிரார்த்தனைத் திடல். கோட்சேயிடம் இருந்தது இத்தாலியப் பெரெட்டா. நீளம் சுமார் 15 செ.மீ.; விரித்த உள்ளங்கைக்குள் ஏறக்குறைய அடங்கும் அளவு. குவாலியரில் கை மாறி அவனிடம் வந்து சேர்ந்தது. அவன் காந்தியை முதலில் வணங்கினான், பிறகு சுட்டான்.

1967 ஜனவரி 12. இராமாவரம் தோட்டத்தில், பேச வந்த இடத்தில், எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக நடித்தவர்கள். குண்டு கழுத்தில் தங்கியது, எம்.ஜி.ஆரின் குரல் அதன்பின் பழைய குரலாக இல்லை. கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் படம் அடுத்த மாதத் தேர்தலில் தமிழகமெங்கும் சென்றது.

மூன்றும் அரசியலால், நோக்கத்தால், அறத்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவை. வாஞ்சியையும் கோட்சேயையும் ஒரே தட்டில் வைப்பதாக யாரும் என்மீது பாய வேண்டாம். நான் ஒப்பிடுவது பொருளை. மூன்று இடத்திலும் அந்தப் பொருள் செய்த வேலை ஒன்றே: ஒருவன் மற்றவனைப் பேசும் தொலைவுக்கு, கும்பிடும் தொலைவுக்கு நெருங்கும்வரை அது கண்ணில் படாமல் இருந்தது. கும்பிட்ட கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கலாம் என்று கூடாநட்பு அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரித்தது கைத்துப்பாக்கி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு. அந்தக் குறளையும் சேர்த்துத் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அதே வ.வே.சு. ஐயர். அவர் புதுச்சேரியில் இருந்த காலத்தில் செய்த அந்த மொழிபெயர்ப்பு 1916இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கியை நன்கறிந்த ஒருவர் அந்தக் குறளின்முன் எத்தனை நேரம் நின்றிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

*

இனி மறுப்புகள்.

‘உரிமம் பெற்றவன் குற்றம் செய்வதில்லை, இந்தியாவில் குற்றங்கள் பெரும்பாலும் கள்ளத் துப்பாக்கிகளால்தான் நடக்கின்றன’ என்பது முதல் மறுப்பு. இரண்டாவது பாதி உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் தீங்கைக் குற்றம் என்ற ஒரே கணக்கில் அளப்பது ஏமாற்று. அது முதலில் திரும்புவது உடையவனின் நெற்றியை நோக்கி. கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி இல்லாத ஆண்களைவிட அதை உடைய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய 8 மடங்கு. பெண்களிடையே அது 35 மடங்கு. இவர்கள் கள்ளத் துப்பாக்கிக்காரர்கள் அல்லர். முறையாக வாங்கிப் பதிவு செய்தவர்கள். ஓர் இரவின் மனச்சோர்வு விடியும்வரை தாங்காது என்றிருக்கும்போது, மேசை இழுப்பறைக்குள் கைக்கெட்டும் அளவில் ஒன்று இருப்பதும் இல்லாமலிருப்பதும் எவ்வளவு வேறுபாடு! தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் மாணவர்களின் முகங்களைப் பார்த்து அஞ்சியிருக்கிற எந்த ஆசிரியருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சேகரிப்பாளர் வீட்டிலும் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

‘ஆயுதத்தைப் பேணுவது தமிழ் மரபு’ என்பது அடுத்த மறுப்பு. இதைச் சொல்பவர்கள் தொண்டைமானின் படைக்கொட்டிலைக் காட்டுவார்கள். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் அதைப் பார்த்து, மயிலிறகும் மாலையும் எண்ணெய் மினுக்குமாய்க் காவலுக்குள் இருக்கும் ஆயுதங்களைப் பாடுகிறார். பாட்டின் முதல் பாதியை மட்டும் படித்தால் இது சேகரிப்பாளருக்குக் கிடைத்த பாராட்டுப் பத்திரம். முழுவதையும் படிப்பவன் அதன் ஏளனத்தைக் கேட்பான். என் தலைவனின் வேல்கள் முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் முடிக்கிறார். இங்கே நான் பாட்டைத் திரிக்க விரும்பவில்லை. ஔவை போரை மறுத்துப் பாடவில்லை. சிதைந்த முனைகள் களத்தில் சிதைந்தவை. ஆனால் அதியமானை அறிமுகப்படுத்தும்போது அவர் முன்னிறுத்துவது அவனுடைய ஆயுதத்தை அன்று. செல்வம் இருந்தால் உணவு கொடுப்பவன், இல்லாதபோது இருப்பதைப் பகிர்ந்து உண்பவன் என்கிறார். அலங்கரித்து அடுக்கப்பட்ட ஆயுதம் உடையவனைப் பற்றிச் சொல்வது அவனுடைய வீரத்தையா, வெறும் மினுக்கையா என்ற கேள்வி இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே நிற்கிறது.

‘நம் திருச்சியிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே’ என்பது மூன்றாவது. இருக்கிறது, 1966 முதல் இருக்கிறது. அங்கே செய்யப்படும் ரைஃபிள்கள் படைகளுக்கும் காவல்துறைக்கும் போகின்றன. எண்ணிடப்பட்டு, கணக்கில் ஏறி, பொறுப்பேற்கும் ஓர் அமைப்பின் கையில் இருக்கும் ஆயுதத்தையும், ஒருவர் தன் படுக்கையறையில் வைத்திருக்கும் ஆயுதத்தையும் ஒன்றாக்குவது வாதத்தின் வறுமையைத்தான் காட்டுகிறது.

*

அப்படியானால் பழைய கைத்துப்பாக்கிகளின் அழகையும் வேலைப்பாட்டையும் யாரும் காணவே கூடாதா? காணலாம். நம் சட்டம் சேகரிப்பாளரின் கண்ணுக்கு இடம் கொடுத்தே இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வழக்கொழிந்த அமைப்புடையதாகவோ தொன்மை மதிப்புடையதாகவோ இருந்து, பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையிலுள்ள ஆயுதத்தைத் தன் பிடிக்கு வெளியே விட்டிருக்கிறது. 2020 பிப்ரவரியின் விதித் திருத்தம் இன்னும் தாராளமானது: அரும்பொருள் வகையைச் சேர்ந்த சிறு ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவையில்லை, பயன்படுத்தவும் எடுத்துச் செல்லவும்தான் தேவை, உரிமத்தில் அது பதியப்படாதவரை அதற்குத் தோட்டா விற்கக் கூடாது. வடிவம் உனக்கு, தோட்டா உனக்கில்லை என்பதே இதன் சாரம். அழகு குழலின் வளைவிலும் பிடியின் செதுக்கலிலும் இருக்கிறது என்று சொல்பவருக்கு இது போதாதா? போதாது என்றால், அவர் விரும்புவது வளைவையும் செதுக்கலையும் அல்ல என்பது தெளிவு. விசையை இழுத்தால் ஓர் உயிர் போகும் என்ற நினைப்பு தரும் கிளர்ச்சிதான் அவருடைய அலமாரியில் இருக்கும் உண்மையான பொருள். அதற்கு ரசனை என்று பெயரிட நான் ஒப்பமாட்டேன்.

உண்மையான சேகரிப்பாளர்கள் போராட வேண்டிய கோரிக்கை ஒன்று உண்டு. 2019 திருத்தத்தின்படி உச்ச வரம்புக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை 2020 டிசம்பர் 13க்குள் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைக்கப்படுபவற்றில் ஜமீன்களும் பழைய குடும்பங்களும் தலைமுறைகளாக வைத்திருந்தவை இருக்கும். அவற்றைத் துருப்பிடிக்கவோ உருக்கவோ விடாமல், வரலாறுள்ளவற்றைத் தேர்ந்து, செயலிழக்கச் செய்து, யாரிடமிருந்து எப்படி வந்தது என்ற குறிப்போடு அருங்காட்சியகங்களில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். தஞ்சை அரண்மனையின் ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பொதுச் சொத்தாக இருக்கின்றன. பள்ளிக் குழந்தையும் பார்க்கிறது. மூன்று அளவென்ன, முப்பது அளவு அங்கே வைக்கலாம். யாருக்கும் ஆட்சேபணை இராது. ஒருவர் மட்டும் பூட்டிவைத்துப் பார்ப்பதைவிட ஊரே பார்ப்பதுதானே சேகரிப்பின் நிறைவு?

திருவெள்ளறையில் ஸ்வஸ்திக வடிவக் கிணறு ஒன்று இருக்கிறது. பல்லவன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் எடுப்பித்தது. மாற்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பெயர். மாற்பிடுகு என்பது அரசனின் விருது, இடியைக் குறிக்கும் போர்ப்பெயர். அவன் படைக்கொட்டிலில் எத்தனை அளவில் எத்தனை வாள் இருந்தது என்பதற்குச் சுவடே இல்லை. நான்கு பக்கமும் படியிறங்கி ஊரார் நீர் மொண்ட இடத்தில்தான் அந்தப் பெயர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக நிற்கிறது. பின்னால் வருபவர்களுக்கு எதை விட்டுப்போவது என்று தேர்பவர்கள் அந்தப் படிகளில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம்.