படத்தில் இருக்கிறது, அறிக்கையில் இல்லை

ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் டட்லி மூர் 1990களின் நடுவில் வசனம் மறந்தார், நடையில் தள்ளாடினார். குடித்திருக்கிறார் என்றே பலர் நினைத்தார்கள். தனக்கு வந்திருப்பது பி.எஸ்.பி. என்னும் மூளைநோய் என்று 1999இல்தான் அவரால் அறிவிக்க முடிந்தது. 2002இல் இறந்தார். அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்கு 2012இல் பார்கின்சன் என்றார்கள், அதுவும் பி.எஸ்.பி.தான் என்பது பிறகே தெரியவந்தது. உயர்ந்த மருத்துவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர்களுக்கே இந்த நிலை.

‘புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி’ என்ற இந்த நோயை டொரான்டோவைச் சேர்ந்த ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் 1964இல் ஒன்பது நோயாளிகளைக் கொண்டு விவரித்தார்கள். லட்சம் பேரில் ஐந்து முதல் ஏழு பேருக்கு இருக்கலாம். டௌ என்ற புரதம் செல்களுக்குள் திரண்டு மூளைத்தண்டின் மேற்பகுதியான நடுமூளையை அழிக்கிறது. கண்ணை மேலும் கீழும் திருப்பும் கட்டளை பிறக்கும் இடம் அது. அதனால் தட்டில் இருக்கும் சோறு கண்ணில் படாது, படியிறங்கும்போது காலடி தெரியாது. குடும்பத்தார் கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அதற்குள் நோயாளி பலமுறை மல்லாக்க விழுந்திருப்பார்.

இந்த அழிவு எம்ஆர்ஐயில் தெரியும். மூளையை நெடுக்காக நடுவில் வெட்டிக் காட்டும் படத்தில், மேடாக இருக்க வேண்டிய நடுமூளையின் மேல்விளிம்பு தட்டையாகவோ குழிந்தோ கிடக்கும். அதற்குக் கீழே உள்ள பான்ஸ் என்ற பகுதி பருமன் குறையாமல் நிற்கும். இரண்டும் சேர்ந்து நீண்ட அலகுள்ள ஹம்மிங்பேர்ட் பறவையின் உருவம் தருவதால் அந்த அடையாளத்துக்கு அதே பெயர். 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அளந்தபோது, நடுமூளையின் பரப்பு நலமானவர்களிடம் சராசரியாக 118 சதுர மில்லிமீட்டர், பார்கின்சன் நோயாளிகளிடம் 103, பி.எஸ்.பி. நோயாளிகளிடம் வெறும் 56. பாதிக்கும் கீழே! இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். வழக்கமான மூளை ஸ்கேனிலேயே அந்த நெடுக்குவெட்டுப் படம் பெரும்பாலும் இருக்கும். திரையில் கோடு போட்டு அளக்க ஒரு நிமிடம் போதும்.

பிறகு ஏன் தவறுகிறது? ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் ‘தலைச்சுற்றல்’ என்று மட்டும் எழுதியிருந்தால், படம் பார்ப்பவர் பக்கவாதத்தையும் கட்டியையும் தேடுவார். அவை இல்லையென்றால் ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று அறிக்கை முடிந்துவிடும். ‘பின்பக்கமாக விழுகிறார், பார்வை கீழே இறங்கவில்லை, பார்கின்சன் மருந்தான லெவோடோபா பலன் தரவில்லை’ என்று எழுதி அனுப்பினால் அதே படம் வேறு விதமாகப் படிக்கப்படும்.

படம் மட்டுமே தீர்ப்பாகிவிடாது. இறப்புக்குப் பிந்தைய சோதனையில் உறுதியானவர்களை வைத்து லண்டனில் நடந்த ஆய்வில், பி.எஸ்.பி. இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடமே பறவை அடையாளம் தெரிந்தது. தொடக்கத்தில் அது தெரியாமலும் போகலாம். மூளையில் நீர் தேங்கும் நோயிலும் நடுமூளை சிறுத்துத் தோன்றுவதுண்டு. ஆகவே நோயாளியின் கண்ணசைவைச் சோதிக்காத மருத்துவருக்கு எந்தப் படமும் உதவாது. டௌ புரதத்தையே படமெடுக்கும் பெட் ஸ்கேன்கள் ஆய்வில் முன்னேறிவருகின்றன. ஆனால் இருக்கும் படத்தைச் சரியாகப் படிப்பதுதான் இன்றைக்கு அவசரம் என்பேன்.

‘குணப்படுத்தும் மருந்தே இல்லாத நோய்க்குப் பெயர் தெரிந்து என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. பெயர் தெரிந்தால் பலனில்லாத மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போக மாட்டார்கள். விழாமல் தடுக்க ஏற்பாடு செய்யலாம். விழுங்கும் திறனை முன்கூட்டியே சோதித்தால், உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வருவதைக் குறைக்கலாம். இந்நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது அதுதான். பேச்சு முழுவதும் குழறிப்போகும் முன் நோயாளியின் விருப்பங்களை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் பார்கின்சன் என்று சொல்லப்பட்ட ஒருவர் முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே அடிக்கடி பின்பக்கம் விழுகிறாரா? மாத்திரை பலிக்கவில்லையா? பழைய ஸ்கேனின் அறிக்கைத் தாளோடு நிற்காமல் படங்கள் உள்ள சி.டி.யையும் எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். நடுமூளையை அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.